27 வயது ரன்னிங் பேக்

கணினியில் அமெரிக்க ஃபுட்பால் அணி நடத்துகிற யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு விதியைச் சொல்வார்கள்: பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குக்குப் பெரிய சம்பளம் கொடுக்காதே. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்டில் 22 வயதில் எடு, முதல் ஒப்பந்தம் முடியும்வரை நன்றாக ஓடவிடு, 27 ஆனதும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு அடுத்தவனைப் பார். நானும் இதை வேதவாக்காக வைத்துத்தான் ஆடிவந்தேன். அப்படியிருக்க, 2024 மார்ச்சில் நியூயார்க் ஜயன்ட்ஸ் கிட்டத்தட்ட இதே கணக்கைப் போட்டு 27 வயது சாகுவான் பார்க்லியை விட்டுவிட்டார்கள். அவர் நேரே ஜயன்ட்ஸின் பரம எதிரியான பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரி 9, அவருடைய 28ஆவது பிறந்தநாளன்றே, கையில் சூப்பர் பவுல் கோப்பை. ஜயன்ட்ஸ் அந்த சீசனில் ஆடிய 17 ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தார்கள்.

அன்றிலிருந்து அந்த விதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விதியைத் தூக்கிப் போடவும் மனசில்லை, ஏனென்றால் என் அணிகளை அது ஒருநாளும் கைவிட்டதில்லை. அதே சமயம் 2,005 யார்டைப் பார்த்த பிறகு பழைய தைரியத்தோடு அதைச் சொல்லவும் முடியவில்லை. நான் இருப்பது நியூ ஜெர்சியின் தெற்குப் பாதியில். இந்த மாநிலத்தில் வடக்கு ஜயன்ட்ஸ் பக்கம், தெற்கு ஈகிள்ஸ் பக்கம். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது ஒவ்வொருவர் வாய்ச்சவடாலைப் பொறுத்தது. எடிசனில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். 2008 பிப்ரவரியில், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்த பேட்ரியாட்ஸை ஜயன்ட்ஸின் ஈலை மேனிங் வீழ்த்திய சூப்பர் பவுல் ராத்திரியில் ஜயன்ட்ஸ் ரசிகரானவர். பார்க்லி போனதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, உன் கம்ப்யூட்டர் கேம் ஆடுற பசங்களைத்தான் எங்க ஆபீஸ்ல உட்கார வச்சிருக்காங்க" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

சீசன் ஒரு பொத்தான்

நான் ஆடுவது உலாவியிலேயே ஓடும் ஃபுட்பால் ஜிஎம் என்கிற விளையாட்டு. இலவசம். வீரர்கள் எல்லோரும் கற்பனை. பெயரும் முகமும் கணினி போட்டுத் தருவது. அதிகாரபூர்வமாக உண்மைப் பெயர்களோடு ஆட வேண்டுமென்றால் மேடன் விளையாட்டின் பக்கம்தான் போக வேண்டும். 2004 டிசம்பரில் மேடனைச் செய்யும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், இந்த அணிகளெல்லாம் ஆடும் லீகான என்எஃப்எல்லோடு தனி உரிமம் போட்டுக்கொண்டது, மற்றவர்கள் கற்பனை ஆட்களை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். எனக்கு இதில் வருத்தமில்லை. பழக்கப்பட்ட முகம் இல்லாதபோது எண்களை நேராகப் பார்க்க முடிகிறது.

இதில் பந்தை எறிவதோ பிடிப்பதோ கிடையாது. சீசன் என்பது ஒரு பொத்தான். அமுக்கினால் ஒரு வாரம் ஓடும், இன்னொன்றை அமுக்கினால் பிளேஆஃப் வரைக்கும் ஓடிவிடும். காபி ஆறுவதற்குள் ஒரு சீசன் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது ஆஃப்சீசன்தான். ஐபிஎல் ஏலம் என்றால் ஓரிரு நாளில் முடிந்து அன்று இரவே யார் கெட்டிக்காரர் என்று டிவியில் தீர்ப்பும் வந்துவிடும். என்எஃப்எல்லில் பிப்ரவரி முடிவில் இண்டியானாபொலிஸில் கல்லூரிப் பையன்களை 40 யார்டு ஓடவிட்டுப் பார்ப்பதில் ஆரம்பித்து, மார்ச் நடுவில், ஒப்பந்தம் முடிந்தவர்கள் எந்த அணிக்கும் போகலாம் என்கிற ஃப்ரீ ஏஜென்சி, ஏப்ரலில் டிராஃப்ட், ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைப்பது என்று அரை வருஷம் இழுக்கும். விளையாட்டிலும் இதன் சாறு இருக்கிறது, வரிசைதான் கொஞ்சம் மாறும். பிளேஆஃப் முடிந்ததும் ஏழு சுற்று டிராஃப்ட். பிறகு ஒப்பந்தம் முடிகிற சொந்த ஆட்களோடு பேச்சுவார்த்தை. பிறகு 30 நாள் ஃப்ரீ ஏஜென்சி. நாள் போகப் போக விலை போகாதவர்கள் கேட்கிற தொகை இறங்கும். எல்லாம் முடிந்த பிறகு பிரீசீசன் என்று ஒரு பொத்தான்.

அந்தப் பொத்தானில்தான் விஷயமே இருக்கிறது. வீரர்களின் ரேட்டிங் மாறுவது அதை அமுக்கும்போது மட்டும்தான். அதாவது ஒப்பந்தமெல்லாம் கையெழுத்தாகி, பட்ஜெட்டில் சல்லிக்காசு மீதியில்லாமல் செலவழித்த பிறகுதான், நாம் வாங்கியவன் இந்த வருஷம் யார் என்பதே தெரியும். பெயருக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு கூட்டல் எண், இல்லையென்றால் சிவப்பில் ஒரு கழித்தல் எண். 23 வயதுக்காரன் பக்கம் பெரும்பாலும் பச்சை. 29 வயது ரன்னிங் பேக் பக்கம் பெரும்பாலும் சிவப்பு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கும், முன்னால் நின்று எதிரணியை மறிக்கிற லைன்மேனும் முப்பதைத் தாண்டியும் தாக்குப்பிடிப்பார்கள், பந்தை உதைக்கிற கிக்கர் கிழவனாகும்வரை ஆடுவான். வேண்டாமென்று ஒருவனை நீக்கினாலும் அவன் சம்பளம் ஒப்பந்தம் முடியும்வரை நம் கணக்கிலேயே இருக்கும். கொடுக்கிற விலை போன வருஷ ஆட்டத்துக்கு, கிடைப்பது வருகிற வருஷ ஆட்டம். ரன்னிங் பேக் விதி பிறந்த இடம் இதுதான். அத்தோடு, அணியின் மொத்த பலத்தைக் கணக்கிடும்போது குவார்ட்டர்பேக்குக்கு இருக்கிற எடைக்குப் பக்கத்தில்கூட ரன்னிங் பேக்கின் எடை வராது. சீக்கிரம் தேய்கிற பொருளுக்கு, அதுவும் கொஞ்சமாகத்தான் பயன்படுகிற பொருளுக்கு, யார் அதிக விலை கொடுப்பார்கள்?

எல் என்ற எழுத்து

பார்க்லி விவகாரம் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் என் அணியிலும் ஒரு ரன்னிங் பேக் இருந்தான். மூன்றாம் சுற்றில் எடுத்தவன். எடுக்கும்போது அவன் எண் கலங்கலாகத்தான் தெரிந்தது; டிராஃப்ட்டில் காட்டுகிற ரேட்டிங் அசலானதல்ல, ஸ்கவுட்டிங்குக்கு, அதாவது புது ஆட்களை எடைபோடுகிற வேலைக்கு, எவ்வளவு செலவழிக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் தெளியும். அவன் வளர்ந்து லீகிலேயே முதல் மூன்று ரன்னிங் பேக்குகளில் ஒருவனாகிவிட்டான். முதல் ஒப்பந்தம் முடிந்து, குறுகியதாக இன்னொன்றும் முடிந்து, 27 வயதில் வந்து நின்றான். பெயருக்குப் பக்கத்தில் எல் என்று ஒரு எழுத்து. விசுவாசக் குணம் உள்ளவன் என்று அர்த்தம். பணம், புகழ், வெற்றி, விசுவாசம் என்று நாலு குணங்களில் ஒன்றிரண்டை இந்த விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கும். அவன் மனநிலையைத் திறந்து பார்த்தால் வரிசையாகப் பச்சை. அணி ஜெயிக்கிறது, மைதான வசதிகள் நன்றாக இருக்கின்றன, எடுத்து வளர்த்த அணி இதுதான். கேட்ட சம்பளமும் அநியாயமில்லை. ஒரே ஒரு கிளிக்கில் நாலு வருஷத்துக்கு இருந்திருப்பான்.

நான் விட்டுவிட்டேன். எனக்கு அந்த வருஷம் முக்கியமாக ஒப்பந்தம் முடிந்தது அவனுக்கு மட்டும்தான். குவார்ட்டர்பேக் இன்னும் இரண்டு வருஷம் கையில் இருந்தான், அவசரம் எதுவும் இல்லை, சாவகாசமாக யோசித்து எடுத்த முடிவு. ஃப்ரீ ஏஜென்சி தொடங்கிய வேகத்தில் அவனை எங்கள் பிரிவிலேயே இருக்கும் எதிரணி தூக்கிக்கொண்டது. நான் 30 நாளில் பெரும்பகுதியைச் சும்மா ஓட்டினேன். மாத முடிவில், விலை இறங்கிக் கிடந்த 28 வயது லைன்மேன் ஒருவனை அந்தக் காசில் பாதிக்கு எடுத்தேன், மீதிப் பாதியில், எறிந்த பந்தை எதிரணி பிடிக்காமல் தடுக்கிற கார்னர்பேக் ஒருவன். பிரீசீசன் பொத்தானை அமுக்கினேன். போனவன் பக்கம் பச்சையில் இரண்டு கூடியிருந்தது. வந்த லைன்மேன் பக்கம் சிவப்பில் ஒன்று குறைந்திருந்தது. அந்த சீசனில் போனவன் எங்களுக்கு எதிராக ஆடிய இரண்டு ஆட்டத்திலும் வெளுத்து வாங்கினான். அதில் ஒன்றைத் தோற்றோம். ஆனாலும் முந்தின வருஷத்தைவிட எங்கள் அணி நன்றாக ஆடியது, பிளேஆஃபும் போனோம். புதிதாக எடுத்த நாலாம் சுற்றுப் பையன் போனவனில் முக்கால்வாசி ஓடினான், சம்பளம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சீசன் முடிந்ததும் அணியின் முதலாளி என்ன நினைக்கிறார் என்று பார்க்கிற பக்கத்துக்குப் போனேன். வேலை போகுமா நிலைக்குமா என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும். அங்கே மூன்றே மூன்று அளவுகோல்: வெற்றி, பிளேஆஃப், பணம். மூன்றும் பச்சை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விசுவாசமான ஒருவனை எதிரிக்குக் கொடுத்திருக்கிறேன், அவன் வந்து எங்கள் மண்ணிலேயே எங்களை மிதித்துவிட்டுப் போயிருக்கிறான். இதைப் பற்றி முதலாளிக்கு ஒரு முணுமுணுப்புகூட இல்லை. இருக்கவும் முடியாது, அதை அளக்க அவரிடம் கோலே இல்லை.

ஜயன்ட்ஸுக்கு அந்த நாலாவது அளவுகோல் இருந்தது. அந்த ஆஃப்சீசனில் எச்பிஓ டிவியின் ஹார்ட் நாக்ஸ் என்கிற ஆவணத் தொடரின் கேமராக்கள் ஜயன்ட்ஸ் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தன. முதலாளி ஜான் மாரா, மேலாளர் ஜோ ஷேனிடம், சாகுவான் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்கிற அர்த்தத்தில் பேசியது அப்படியே ஒளிபரப்பானது. பார்க்லி ஒவ்வொரு நூறு யார்டைத் தாண்டியபோதும் அந்தத் துண்டு வீடியோ சுற்றிச் சுற்றி வந்தது. இதில் இன்னொரு கொடுமை: சீசனின் கடைசி ஆட்டம் பிலடெல்பியாவில் ஜயன்ட்ஸோடு. எரிக் டிக்கர்சன் 1984இல் வைத்த 2,105 யார்டு சாதனையை முறியடிக்க இன்னும் 101 யார்டுதான் பாக்கி. ஈகிள்ஸ் அன்று அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எடிசன் அண்ணன் அதற்கும் வருத்தப்பட்டார். "ஆடியிருந்தா எங்க மேலதானே உடைச்சிருப்பான், அந்த அவமானமும் மிச்சம்னு சந்தோஷப்படணுமா, இல்ல நாங்க ஒரு பொருட்டே இல்லைன்னு அழணுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பார்க்லியை எப்போது விட்டார்கள்?

அவமானத்தைக் கழித்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தால், 2024 மார்ச்சில் ஜயன்ட்ஸ் செய்தது என்னுடையதைப் போன்றதுதான். பார்க்லி இடத்துக்கு டெவின் சிங்கிள்டரியை மூன்று வருஷம் 16.5 மில்லியன் டாலருக்கு எடுத்தார்கள். ஐந்தாம் சுற்றில் டைரோன் டிரேசி என்று ஒரு பையனை எடுத்தார்கள். அவர் முதல் வருஷத்திலேயே 839 யார்டு ஓடினார். எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கிற பிரையன் பர்ன்ஸை கரோலினாவிடமிருந்து வாங்கி ஐந்து வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள். சுருக்கமாக, ரன்னிங் பேக் இடத்தில் மிச்சம் பிடித்து, ஆட்டத்தைத் தீர்மானிக்கிற இடத்தில் கொட்டினார்கள். விளையாட்டில் யாராவது இப்படிச் செய்தால் நானே கைதட்டியிருப்பேன். அப்படியும் 3-14.

இதை நான் ரொம்ப நாள் தப்பான முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தோன்ற வைத்தது என் அணியின் பட்டியலில் இருக்கும் ஒரு நெடுவரிசை. ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது என்கிற நெடுவரிசை. அதைத் தட்டினால் பட்டியல் முடிவு வருஷப்படி அடுக்கப்படும். பொதுவாக ரேட்டிங் வரிசையில் பார்ப்பேன், சம்பள வரிசையில் பார்ப்பேன். இதை அவ்வளவாகத் தொடமாட்டேன். ரன்னிங் பேக்கை நான் ஏன் அவ்வளவு நிதானமாக விட முடிந்தது என்று பின்னால் யோசித்தபோது இதைத் தட்டினேன். அவன் தனியாக ஒரு வருஷத்தில் நின்றான். குவார்ட்டர்பேக் வேறு வருஷம், நல்ல லைன்மேன்கள் வேறு வேறு வருஷம். அந்த மார்ச் எனக்கு வைத்த பரீட்சையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

ஜயன்ட்ஸின் பட்டியலை இதே மாதிரி அடுக்கிப் பார்த்தால் கதை 2024இல் தொடங்கவில்லை. டேனியல் ஜோன்ஸ் 2019 டிராஃப்ட்டில் ஆறாவது ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக். முதல் சுற்றில் எடுத்தவரை அணி விரும்பினால் ஐந்தாவது வருஷமும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். 2022 வசந்தத்தில் ஜயன்ட்ஸ், அந்த ஐந்தாவது வருஷம் வேண்டாம் என்றார்கள். அதுவரை ஜோன்ஸ் ஆடிய லட்சணத்துக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. விளைவு, ஜோன்ஸ் ஒப்பந்தமும் பார்க்லி ஒப்பந்தமும் ஒரே மார்ச்சில், 2023இல் முடிந்தன. அதற்கு நடுவில் ஜோன்ஸ் ஒரு நல்ல சீசன் ஆடித் தொலைத்தார். அணி பிளேஆஃப் போய், அங்கே மினசோட்டாவைத் தோற்கடித்தது. இப்போது கேள்வித்தாளில் இரண்டு கேள்வி, பதில் எழுத ஒரே ஒரு தாள்.

அந்தத் தாள்தான் ஃப்ரான்சைஸ் டேக். ஒரு அணி வருஷத்துக்கு ஒருவர்மேல்தான் அதை ஒட்டலாம். ஒட்டினால் அவர் ஒரு வருஷம் குறிப்பிட்ட சம்பளத்துக்கு உங்களோடு இருப்பார், எளிதில் போக முடியாது. 2023இல் குவார்ட்டர்பேக்குக்கு அந்தச் சம்பளம் 32.4 மில்லியன், ரன்னிங் பேக்குக்கு சுமார் 10.1 மில்லியன். ஜோன்ஸ்மேல் ஒட்டினால் பார்க்லி பறந்துவிடுவார். கடைசி நாளில், கெடு முடிகிற நேரத்தில், ஜோன்ஸுக்கு நாலு வருஷம் 160 மில்லியன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டேக்கை பார்க்லிமேல் ஒட்டினார்கள். பார்க்லி நீண்ட ஒப்பந்தம் கேட்டார், ஜூலைவரை பேசிப் பார்த்தார்கள், படியவில்லை. அவர் ஒரு வருஷத்துக்கு ஒத்துக்கொண்டு ஆடினார், அடுத்த மார்ச்சில் கிளம்பிவிட்டார். ஜோன்ஸை 2024 நவம்பரில் அணியே நீக்கிவிட்டது. இரண்டில் ஒன்றையாவது காப்பாற்ற அவசரமாகப் போட்ட 160 மில்லியன் கையெழுத்தால் கடைசியில் இரண்டுமே போயிற்று.

ஆகவே பார்க்லியை விட்டது 2024இல் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவரை விட்டது 2022 வசந்தத்தில், வேறொருவரைப் பற்றிய ஒரு படிவத்தில் வேண்டாம் என்று எழுதியபோது. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நின்று பார்த்தால் புத்திசாலித்தனமாகவே தெரிகிறது. இதை அண்ணனிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப விதி சரின்னு சொல்றியா, தப்புன்னு சொல்றியா?" என்றார். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர்.

பிலடெல்பியாக் கணக்கு

விதி தப்பு என்று சொல்ல வேண்டுமானால் ஈகிள்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். பார்க்லிக்கு அவர்கள் கொடுத்தது மூன்று வருஷம் 37.75 மில்லியன். ரன்னிங் பேக்குக்கு அது அன்றைக்கு நல்ல தொகை. ஆனால் ஒரு அணி மொத்தமாக வீரர்களுக்குச் செலவழிக்கலாம் என்று லீக் வைத்த 2024 சம்பள உச்சவரம்பான 255.4 மில்லியனில் அவர் அடைத்துக்கொண்ட இடம் 4 மில்லியனுக்கும் குறைவு. இது எப்படி என்றால், கையெழுத்துப் போடும்போது கொடுக்கிற போனஸ் வீரர் கைக்கு உடனே போய்விடும், கணக்கிலோ அதை ஐந்து வருஷம்வரை பரப்பி எழுதலாம். ஒப்பந்தம் மூன்று வருஷம்தான் என்றாலும் பின்னால் வெறும் பெயருக்கு ஓரிரு வருஷத்தை ஒட்டவைத்து அதிலும் பரப்பலாம். ஈகிள்ஸ் மேலாளர் ஹவி ரோஸ்மன் இந்த வித்தையில் கரைகண்டவர். பில் ஒருநாள் வரத்தான் செய்யும். டென்வர் அணி 2024இல் தன் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை நீக்கியபோது ஆடாத ஆளுக்காக 85 மில்லியனை இரண்டு வருஷக் கணக்கில் சுமந்தது, அதுதான் பில் வருகிற விதம். ஆனால் உச்சவரம்பு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. 2025இல் அது 279.2 மில்லியன் ஆகிவிட்டது. நாளைக்குத் தள்ளிப்போட்ட கடன், நாளைக்கு வரும்போது கொஞ்சம் இளைத்துத்தான் வருகிறது.

நான் ஆடுகிற விளையாட்டில் இந்தச் சலுகை கிடையாது. 12 மில்லியன் என்றால் ஒவ்வொரு வருஷமும் 12 மில்லியன், முதல் வருஷமும் கடைசி வருஷமும் ஒரே மாதிரி. போனஸைப் பரப்புகிற வேலையெல்லாம் ஜிம் கிண்டின் 1998இல் கொண்டுவந்த ஃப்ரண்ட் ஆபீஸ் ஃபுட்பால் மாதிரியான, கணக்கப்பிள்ளைகளுக்காகவே செய்தது போன்ற விளையாட்டுகளில்தான் பார்க்கலாம். அப்படியானால் என் வேதவாக்கு, தட்டையான சம்பளம் என்ற ஒரு ஏற்பாட்டுக்குள் மட்டும் பிறந்து வளர்ந்தது. ரொக்கமாக மட்டும் வாங்க முடிகிற கடையில் நின்றுகொண்டு, அதை யாரும் வாங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் அதுவும் பாதிதான். பார்க்லிக்கு முன்னால் நின்ற ஐந்து லைன்மேன்களைப் பார்க்க வேண்டும். லேன் ஜான்சன், 2013இல் நாலாவதாக எடுத்தவர், 34 வயதிலும் அசையாமல் நின்றார். ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். 2018 டிராஃப்ட்டில் ஏழாம் சுற்றில் எடுத்தபோது அவர் அமெரிக்க ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. லேண்டன் டிக்கர்சனையும் கேம் ஜர்கன்ஸையும் 2021, 2022 டிராஃப்ட்களில் இரண்டாம் சுற்றில் எடுத்தார்கள். நியூயார்க் ஜெட்ஸில் சோபிக்காத மெக்காய் பெக்டனை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் மலிவாகக் கூட்டிவந்து, புது இடத்தில் நிறுத்தினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் வெவ்வேறு ஆஃப்சீசன்களில் கட்டிய சுவர் அது. 2024 மார்ச்சில் பார்க்லி வந்தது அந்தச் சுவருக்குப் பின்னால் ஓட. அதே பார்க்லி ஜயன்ட்ஸில் இருந்திருந்தால் 2,005 ஓடியிருப்பார் என்று அண்ணனே சொல்லமாட்டார். சூப்பர் பவுலில்கூடப் பாருங்கள், எதிரணி கேன்சஸ் சிட்டி எல்லோரையும் திரட்டி அவரை மறித்தது. 25 முறை ஓடி 57 யார்டுதான் எடுத்தார். ஈகிள்ஸ் 40-22 என்று ஊதித் தள்ளினார்கள்.

அதனால் ஜயன்ட்ஸுக்கு விதி சரியாகவும் ஈகிள்ஸுக்கு அதே விதி தப்பாகவும் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இப்போதைக்குத் தோன்றுகிறது. எல்லாம் அமைந்த வீட்டுக்குத்தான் ரன்னிங் பேக் கடைசியாக வாங்குகிற பொருள். அப்போது விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம். இது முழுத் திருப்தி தரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஜயன்ட்ஸ் பார்க்லியை 2018இல் எடுத்தது டிராஃப்ட்டின் இரண்டாவது ஆளாக. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன்பே வாங்கிய பொருள் அவர். அப்படிப் பார்த்தால் கதையை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டு போகலாம், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

2025 மார்ச்சில் ஈகிள்ஸ் பார்க்லிக்கு இன்னும் இரண்டு வருஷம் 41.2 மில்லியன் சேர்த்துக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு 20 மில்லியனைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக். 28 வயதில். செய்தி வந்த அன்று என் பழைய விதி முழுவேகத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டது, இது மட்டும் வேண்டாத வேலை என்று. ஈகிள்ஸ் கொடுத்த முதல் ஒப்பந்தம் வரப்போகிற ஆட்டத்துக்கு, இது முடிந்துபோன ஆட்டத்துக்கு.

என் அணியில் இப்போது முடிவு வருஷ நெடுவரிசையைத்தான் முதலில் தட்டுகிறேன். குவார்ட்டர்பேக்கும் இரண்டு லைன்மேன்களும் ஒரே வருஷத்தில் வந்து நிற்பது தெரிந்தால், அதற்கு இரண்டு ஆஃப்சீசன் முன்னாலேயே ஒரு லைன்மேனை நல்ல விலைக்கு டிரேட் செய்துவிடுகிறேன். அண்ணன் கதை வேறு. நான் இவ்வளவு பேசியதில் ரோஷம் வந்து அவரும் ஒரு லீக் ஆரம்பித்துவிட்டார். நியூயார்க் அணியை எடுத்து, முதல் வேலையாக அங்கே இருந்த ரன்னிங் பேக்குக்கு, கிடைக்கிற மிக நீண்ட ஒப்பந்தத்தைக் கொடுத்திருக்கிறார். "யாரும் போகக் கூடாதுப்பா நம்மகிட்டருந்து." ஆள் முதல் சீசனில் 1,500 யார்டுக்கு மேல் ஓடினானாம், படம் எடுத்து அனுப்பினார். அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று கேட்டேன். எடிசனில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பிரியாணிக் கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.